மாடிப்படிக்கு அடியில திணறுன கேபினெட் சாஃப்ட்வேர்: ஒன்றரை வருசம் ஓட்டிட்டு எழுதுறேன்

மொதல்லயே சொல்லிர்றேன், சாஃப்ட்வேர் பேரை எழுத மாட்டேன். அவங்க சப்போர்ட்ல ஒரு தம்பி இருக்கான், ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் பண்ணாலும் பதில் போடுவான், அவன் பொழப்புல மண்ணள்ளிப் போட நான் ஆளில்ல. கிச்சன், வார்ட்ரோப், லாஃப்ட் எல்லாம் 3டில வரைஞ்சு கட்டிங் லிஸ்ட் (எந்தப் பலகைய என்ன அளவுக்கு வெட்டணும்ங்குற பட்டியல்) வரைக்கும் எடுத்துக் குடுக்குற ரகம், வருசச் சந்தா, வெளியூர் கம்பெனி. அம்புட்டு தெரிஞ்சா போதும். இந்த ரகத்துல வேற எதையாச்சும் வாங்கலாம்னு பாத்துட்டு இருக்கவங்களுக்கும் நான் பட்ட பாடு உதவும், ஏன்னா டெமோ பாத்த நாலஞ்சுலயும் இதே கோளாறு கொஞ்சம் கூடக்குறைய இருந்துச்சு.

நமக்கு மதுரை பைபாஸ் ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி ஒர்க்‌ஷாப். ஒரு பேனல் சா, பலகை ஓரத்துல பட்டி ஒட்டுற எட்ஜ் பேண்டிங் மிஷின் ஒண்ணு, என்னையும் சேத்து அஞ்சு பேரு. முன்னாடியெல்லாம் நோட்டுல பென்சில் படம் தான், ஆசாரியார் அதப் பாத்து கட்டிங் எழுதுவாரு. அப்புறம் கே.கே.நகர் அண்ணாநகர் பக்கம் கஸ்டமருங்க எல்லாம் "3டி குடுப்பீங்களா"ன்னு கேக்க ஆரம்பிச்சாய்ங்க, படம் காட்டலைன்னா அட்வான்ஸ் வராதுங்குற நெலமை ஆகிப்போச்சு, சரின்னு வாங்குனது தான் இது.

நல்லத மொதல்ல சொல்லிருவோம். கிச்சன்னா சும்மா பறக்குது. எல் ஷேப், யூ ஷேப், டேண்டம் பாக்ஸ், கார்னர் யூனிட், எல்லாம் இழுத்துப் போட்டா உக்காந்துக்கும், பிளைவுட் 18 மில்லில இருந்து 19க்கு மாத்துனா மொத்த லிஸ்ட்டும் தானா மாறும், 8க்கு 4 ஷீட் எத்தனை வேணும்னு சொல்லிரும், எட்ஜ் பேண்ட் எத்தனை மீட்டர்னு கூட வரும். கொட்டேஷன் போடுற நேரம் பாதியாயிருச்சு. இதுல நான் குறை சொல்ல ஒண்ணுமில்ல.

சிக்கல் எல்லாம் தலைக்கு மேல தான்.

ரூம் வரையுறப்ப சீலிங் உயரம்னு ஒரே ஒரு கட்டம் வரும். அதுல ஒரு நம்பர் அடிக்கணும். வாங்கின புதுசுல அதுல 2400ன்னு இருந்துச்சு, அதாவது 8 அடிக்கும் கம்மி. நம்ம நேஷனல் பில்டிங் கோடே குடியிருக்குற ரூமுக்கு குறைஞ்சது 2.75 மீட்டர்னு சொல்லுது, மதுரைல பாதி வீடு 10 அடி, சிம்மக்கல் பக்கம் பழைய வீடுன்னா 12 அடி 13 அடி கூட பாத்துருக்கேன். சரி நம்பர மாத்திக்கலாம், அது பெரிய விசயம் இல்ல. ஆனா அந்த ஒரு நம்பரை வச்சுக்கிட்டு சாஃப்ட்வேர் என்ன நினைக்குதுன்னா உங்க வீட்டு மேல்தளம் கேரம்போர்டு மாதிரி ஒரே மட்டமா இருக்குன்னு நினைக்குது. நம்ம வீடுகள்ல பாதி ரூமுக்கு நடுவுல பீம் தொங்கும், 7 அடில கான்கிரீட் லாஃப்ட் நீட்டிக்கிட்டு இருக்கும், ஹாலுக்குள்ளயே மாடிப்படி ஏறும், மொட்டை மாடில ஷீட் போட்டு ஒரு ரூம் எடுத்திருப்பாங்க, இப்ப அதுக்கு மேல ஃபால்ஸ் சீலிங் வேற. இதுல எதுவுமே அந்த ஒத்த நம்பருக்குள்ள அடங்காது.

இதுக்கு வழியே இல்லையான்னா இருக்கு, மூணு வழி வச்சிருக்காய்ங்க. சுவத்தோட எலிவேஷனுக்கு, அதாவது நேரா நின்னு பாக்குற படத்துக்குப் போயி மேல் கோட்டுல புள்ளி சேத்து சரிவாக்கலாம், இல்ல தடுப்புப் பெட்டின்னு ஒரு பொருள எடுத்து சீலிங்ல ஒட்டவச்சு அதை பீம்னு நினைச்சுக்கலாம், இல்லாட்டி வெளிய வேற சாஃப்ட்வேர்ல சீலிங்க மட்டும் வரைஞ்சு உள்ள கொண்டு வரலாம். மூணையும் பண்ணிப் பாத்துட்டேன், மூணுலயும் அடி வாங்கிட்டேன்.

சொந்தக் கதைக்கு வர்றேன். திருநகர்ல ஒரு வீடு, ஹால்ல படிக்கட்டு, அதுக்கு அடியில ஷூ ரேக், இன்வெர்ட்டர், பழைய பாத்திரம் வைக்க கபோர்டு கேட்டாங்க. நான் அளவு எடுக்கப் போன அன்னைக்கு படிக்கு அடியில முழுக்க சிமெண்ட் மூட்டை அடுக்கி வச்சிருந்தாய்ங்க, உள்ள தலைய விட முடியல. சரின்னு மேல இருந்து படிய அளந்தேன். ஏத்தம் (ஒரு படியோட உயரம்) 7 இன்ச், மிதி (கால் வைக்குற அகலம்) 10 இன்ச். ஸ்லாப் கனம் பூச்சோட 6 இன்ச்னு மேஸ்திரி சொன்னாரு. சாஃப்ட்வேர்ல உக்காந்து சுவத்து எலிவேஷன்ல சரிவக் கோடு போட்டேன், படியோட உள் மூலைகள சேத்து ஒரு கோடு, அதுல இருந்து நேரா கீழ 6 இன்ச் எறக்கி இன்னொரு கோடு. படத்துல பாத்தா கச்சிதமா இருந்துச்சு, கஸ்டமருக்கும் புடிச்சுப் போச்சு.

அங்க தான் தப்பு. ஸ்லாப் கனம்ங்கறது சரிவுக்கு குறுக்கா அளக்குறது, நட்டமா அளக்குறது இல்ல. 7க்கு 10 சரிவுன்னா கோணம் 35 டிகிரி வரும், அந்தக் கோணத்துல 6 இன்ச் ஸ்லாப்ப நட்டமா அளந்தா 7.3 இன்ச். அதாவது நெஜ சீலிங் என் படத்த விட 1.3 இன்ச் கீழ இருக்கு. மூணு யூனிட்டும் வெட்டி, லேமினேட் ஒட்டி, வண்டில ஏத்திக் கொண்டு போயி தள்ளுனா உள்ள போகல. ஆசாரியார் என்னைய ஒரு பார்வை பாத்தாரு பாருங்க, திட்டிருந்தா கூட தேவலாம்னு இருந்துச்சு. இதுல சாஃப்ட்வேர் தப்பு இல்ல, என் தப்பு தான், ஒத்துக்குறேன். ஆனா படிக்கட்டுன்னு ஒரு பொருள் அதுல லைப்ரரிலயே இருக்கு, ஏத்தம் மிதி கனம் எல்லாம் அடிக்கலாம், அழகா படி வரும், ஆனா அந்தப் படியோட அடிப்பக்கம் கேபினெட்டுக்கு ஒரு சீலிங்னு அதுக்குத் தெரியாது. கேபினெட்ட படிக்குள்ள சொருகுனா பாட்டுக்கு சொருகிக்கிட்டு நிக்கும், ஒரு எச்சரிக்கை கூட வராது. அத சொல்லிருந்தா நான் கோடே கிழிச்சிருக்க மாட்டேன்ல.

ரெண்டாவது தடவ அட்டைய வெட்டி உள்ள வச்சு அளவு எடுத்து திரும்ப வரைஞ்சோம். இந்த தடவ வேற பிரச்சனை. மூணு யூனிட், ஒவ்வொண்ணும் 24 இன்ச் அகலம். 7க்கு 10 சரிவுல ஒவ்வொரு யூனிட்டுக்கும் 16.8 இன்ச் இறங்கும். மொத யூனிட் 60ல இருந்து 43.2, ரெண்டாவது 43.2ல இருந்து 26.4, மூணாவது 26.4ல இருந்து 9.6. சரிவு மேல்பலகைன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, இடது உயரம் வலது உயரம் குடுத்தா கேபினெட் சரிஞ்சு வரும், நல்லாத்தான் வருது. ஆனா நீங்க சுவத்துல போட்ட சரிவுக்கும் இந்தக் கேபினெட்டோட சரிவுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது. மொத யூனிட்ட 2 இன்ச் வலது பக்கம் நகத்துனா சீலிங் அங்க 1.4 இன்ச் கீழ இறங்கிருது, கேபினெட் பழைய உயரத்துலயே நிக்குது. ஒவ்வொரு தடவையும் கால்குலேட்டர எடுத்து நீங்களே தான் மாத்தணும். சீலிங்க படத்துக்காக வரைஞ்சுக்குது, கேபினெட்டுக்கு அத சொல்ல மாட்டேங்குது. இந்த சாஃப்ட்வேர் மேல என் முழு வருத்தமும் இந்த ஒரு எடத்துல தான்.

கட்டிங் லிஸ்ட்டுல இன்னொரு கூத்து. சைடு பலகைக்கு மேல் முனை சாய்வா வெட்டணும், 35 டிகிரி. 18 மில்லி பிளைல சாய்வா வெட்டுனா பலகையோட ஒரு முகத்துக்கும் இன்னொரு முகத்துக்கும் உயரத்துல 12.6 மில்லி வித்தியாசம் வரும், கிட்டத்தட்ட அரை இன்ச், ஆசாரியார் கணக்குல 4 நூல் (8 நூல் ஒரு இன்ச்). லிஸ்ட்டுல ஒரே ஒரு உயரம் தான் போட்டிருக்கு. அது உள்முகமா வெளிமுகமா? எங்கயும் சொல்லல. சப்போர்ட் தம்பிகிட்ட கேட்டேன், அவன் ஒரு நாள் டைம் கேட்டு அடுத்த நாள் சொன்னான் "பெரிய முகம் சார்"னு. அவங்களோட உதவிப் பக்கத்துல இன்னைக்கு வரைக்கும் அத எழுதல. வாங்கி வச்சிருக்கவங்க ஒரு சின்ன ஸ்கிராப் பலகைல வெட்டிப் பாத்துட்டு ஷீட்டுல கை வைங்க.

ஷீட் வீணாகுறது அடுத்தது. ஷீட்ல பலகைங்கள அடுக்கிக் காட்டுற ஆப்டிமைசர், சரிவா இருக்க பின்பலகைய நீள்சதுரமாத் தான் பாக்குது. மொத யூனிட் பின்பலகைக்கு 60 இன்ச், மூணாவதுக்கு 26.4, சேத்தா 86.4 இன்ச்னு கணக்கு பண்ணி ஒரு ஷீட்ல ஒரு பக்கத்த முழுங்கிருச்சு. ஆசாரியார் அந்த பிரிண்ட்ட வாங்கிப் பாத்துட்டு "தம்பி, சின்னத தலைகீழா திருப்பி பெருசு தோள் மேல படுக்கப் போடுங்க"ன்னாரு. சரிவு ஒண்ணு தான, திருப்பிப் போட்டா சரிவோட சரிவு ஒட்டிக்கும். இடது பக்கம் 60ம் 9.6ம் சேந்து 69.6, வலது பக்கம் 43.2ம் 26.4ம் சேந்து அதே 69.6. பிளேடு கனம் போக 16 இன்ச்சுக்கு மேல பிளை மிச்சம். அவரு மூணாங் கிளாஸ்க்கு மேல பள்ளிக்கூடம் போகாதவரு, இத ஒரு டீய குடிச்சு முடிக்குற நேரத்துல சொன்னாரு. நான் வருசத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல சந்தா கட்டுறேன்.

பீம், கான்கிரீட் லாஃப்ட் இதுக்கெல்லாம் தடுப்புப் பெட்டி வழி பரவால்ல, அத குறை சொல்ல மாட்டேன். பெட்டிய சீலிங்ல இருந்து 12 இன்ச் தொங்கவிட்டு 9 இன்ச் அகலம் குடுத்தா பீம் ரெடி, வார்ட்ரோப்பு மேல் யூனிட்ல அந்த அளவுக்கு ஒரு வெட்டு குடுக்கவும் ஆப்ஷன் இருக்கு. ஒரே ஒரு விசயம், பெட்டிய எல்லாத்துக்கும் கடைசியில போடுங்க, முன்னாடியே போட்டுட்டு அப்புறம் சீலிங் உயரத்த மாத்துனா பெட்டி அதே எடத்துல அந்தரத்துல நிக்கும்.

ஃபால்ஸ் சீலிங் கதை தனி. ஜி.ஐ. சேனல் அடிச்சு 12.5 மில்லி ஜிப்சம் போர்டு போட்டா சாதாரணமா 4ல இருந்து 6 இன்ச் எறங்கும், கோவ் லைட் வச்சா இன்னும் கூட. சாஃப்ட்வேர்ல ட்ரே சீலிங் டெம்ப்ளேட் நாலு இருக்கு, எல்லாம் ரூம் நடுவுல நீள்சதுரமா குழிஞ்சது, ஓரத்து அகலம் மட்டும் மாத்தலாம். நம்ம கஸ்டமர் கேக்குறது என்ன, ஒரு மூலைல மட்டும் வளைஞ்சு வந்து பூஜை ரூம் வாசல்ல முடியணும், நடுவுல ஃபேன் கொக்கிக்கு ஒரு வட்டம், ஏசி பக்கம் தனி பெட்டி. இத அதுல வரைய முடியாது, முடிஞ்சே போச்சு. அதுக்கும் மேல வார்ட்ரோப் மொதல்ல வரணுமா சீலிங் மொதல்ல வரணுமான்னு சீலிங்காரங்களோட ஒவ்வொரு சைட்லயும் ஒரு பஞ்சாயத்து. நான் சொல்றது ஃபிரேம் மட்டும் மொதல்ல அடிச்சிருங்க, நான் கார்கஸ (கதவு மாட்டாத பெட்டிய) நிறுத்திர்றேன், அப்புறம் நீங்க போர்டு மூடுங்க, ஓரத்துக்கு நான் 2 இன்ச் ஃபில்லர் (இடைவெளி அடைக்குற பட்டி) விட்டு அடைச்சுக்குறேன். கேப்பாய்ங்களா? கேக்க மாட்டாய்ங்க. அவங்க போர்டு மூடிட்டுப் போனப்புறம் நான் போயி பாத்தா இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் 6 நூல் வித்தியாசம் இருக்கும்.

அதனால அளவு எடுக்குறப்ப ஒண்ணு பண்ணுங்க. தரைய நம்பாதீங்க, சீலிங்க அதுக்கும் மேல நம்பாதீங்க. தண்ணி ட்யூப்ப வச்சு நாலு சுவத்துலயும் ஒரு மட்டத்துக்கு கோடு அடிச்சிருங்க, லேசர் இருந்தா லேசர், அந்தக் கோட்டுல இருந்து மேல எவ்வளவு கீழ எவ்வளவுன்னு ஒவ்வொரு மூலைலயும் நடுவுலயும் எழுதிக்கோங்க. சாஃப்ட்வேர்ல நாலு மூலைக்கு நாலு உயரம் அடிக்க எடமில்லாட்டி என்ன, இருக்கதுல சின்ன நம்பர அடிங்க, மிச்சத்த ஃபில்லர் பாத்துக்கும்.

மொட்டை மாடி ரூம் தான் எனக்கு வாங்குன காசுக்கு சிரிப்பும் குடுத்துச்சு. ஊமச்சிகுளம் பக்கம் ஒரு வீடு, மேல ட்ரஸ் போட்டு ஷீட் ரூம், உள்ள அடியில போர்டு அடிச்சு நீட்டா பண்ணிருந்தாங்க, பின் சுவத்துல 10 அடி, முன் சுவத்துல 8 அடி, ரூம் ஆழம் 12 அடி. பக்கச் சுவர் ரெண்டையும் சரிவாக்கி முன் சுவர தாழ்த்தி ரெண்டரிங், அதாவது நெஜம் மாதிரி கலர் படம் போட்டேன். சுவர் சரிஞ்சுச்சு, சீலிங் வரல. மேல நீல வானம், வெள்ளை மேகம். அந்த வீட்டு அம்மா படத்தப் பாத்துட்டு "ஏந்தம்பி, மழை வந்தா துணி நனையாதா?"ன்னாங்க. இந்த சாஃப்ட்வேருக்கு தட்டையான சீலிங் மட்டும் தான் மூடத் தெரியும், சுவர் உயரம் மாறுச்சுன்னா கைய விரிச்சிரும்னு அப்புறம் தான் தெரிஞ்சுச்சு. ஒரு மெல்லிசு பலகைய சாய்ச்சு மேல வச்சு மூடி படம் எடுத்துக் குடுத்தேன்.

சிரிப்பு அதோட முடிஞ்சுச்சு. பின் சுவத்துல, அதாவது உயரமான சுவத்துல, 24 இன்ச் ஆழத்துல வார்ட்ரோப், மேல சீலிங் வரைக்கும் லாஃப்ட் ஷட்டர். சரிவு 12 அடிக்கு 2 அடி, அதாவது 6க்கு 1. வார்ட்ரோப் முகப்பு சுவத்துல இருந்து 24 இன்ச் வெளிய வருது, அங்க சீலிங் 4 இன்ச் தாழ்ந்துருக்கும், இத எல்லாரும் கவனிச்சிருவாங்க. ஷட்டர் தெறக்குறப்ப? ஷட்டர் அகலம் 18 இன்ச்னா தெறந்து நிக்குறப்ப அதோட முனை சுவத்துல இருந்து 42 இன்ச்ல இருக்கும், அங்க சீலிங் 7 இன்ச் தாழ்வு. அப்ப ஷட்டரோட தலை 9 அடி 5 இன்ச்சுக்கு கீழ இருந்தாத் தான் முழுசா தெறக்கும், அதுக்கு மேல 3 இன்ச் அசையாத பட்டி வச்சு அடைக்கணும். நல்லவேளை இத ஆசாரியார் வெட்டுறதுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சிட்டாரு. சாஃப்ட்வேர்ல ஷட்டர் தெறந்து காட்டுற அனிமேஷன் இருக்கு, ரெண்டு ஷட்டர் ஒண்ணோட ஒண்ணு இடிச்சா சிவப்பா காட்டுது, சுவத்துல இடிச்சா காட்டுது, சீலிங்குக்குள்ள கத்தி மாதிரி சொருகிட்டுப் போனா ஒண்ணும் சொல்லாது.

இப்ப மூணாவது வழி, வெளிய வரைஞ்சு உள்ள கொண்டு வர்றது. இதுக்கு நான் புடிச்சது ஸ்கெட்ச்சப்னு ஒரு 3டி வரையுற சாஃப்ட்வேர். இது 2000ல வந்தது, 2006ல கூகுள் வாங்குச்சு, 2012ல ட்ரிம்பிள் கைக்குப் போச்சு. கம்ப்யூட்டர்ல போட்டுக்குற மாதிரி இலவசமா வந்த கடைசி பதிப்பு ஸ்கெட்ச்சப் மேக் (Make) 2017, இப்ப இலவசம்னா பிரவுசர்ல ஓடுறது மட்டும் தான், அதுவும் சொந்த உபயோகத்துக்கு, தொழிலுக்கு இல்ல. தொழிலுக்குன்னா காசு கட்டித் தான் ஆகணும், நான் கட்டிட்டேன்.

சீலிங் விசயத்துல இது கை குடுத்த மாதிரி வேற எதுவும் குடுக்கல. சுவத்த ஒரு பெட்டியா எழுப்பி, மேல ஒரு கோடு கிழிச்சு, புஷ் புல் வச்சு வேண்டாதத அழுத்தித் தள்ளுனா வெட்டுப்பட்டுப் போயிரும், அம்புட்டுத் தான் சரிவு. அதுல கோணமானி மாதிரி ஒரு டூல் இருக்கு, டிகிரி தெரியலைன்னாலும் 7:10ன்னு விகிதத்த அடிச்சா அதே சரிவுல வழிகாட்டிக் கோடு போட்டுரும். இது தெரிஞ்ச அன்னைக்கு திருநகர் வீட்ட நினைச்சு எனக்கு நானே தலைல அடிச்சுக்கிட்டேன். யூனிட்ட ஆர்க்கிடெக்சுரல்னு வச்சு துல்லியத்த 1/8 இன்ச்சுல வச்சிட்டீங்கன்னா நம்ம நூல் கணக்கு அப்படியே வரும், 1 இன்ச்சுக்கு 8 நூல், ஆசாரியார்கிட்ட பிரிண்ட்ட நீட்டுனா மில்லிய மாத்தச் சொல்லி கேக்க மாட்டாரு. ரெண்டு சரிவு ஒரு மூலைல சேருற எடத்துக்கு இன்டர்செக்ட் பண்ணா வெட்டுக்கோடு அதுவே வரைஞ்சிக்கும். கார்னிஸ் ஓட்டணும்னா ஃபாலோ மீ, ஒரு முகத்த வரைஞ்சு ஓரத்தக் காட்டுனா சுத்திக்கிட்டு போயிரும்.

வளைவுல மட்டும் கவனம் வேணும். போன கார்த்திகைல ஒருத்தர் பூஜை ரூம் கபோர்டுக்கு மேல மஹால் மாதிரி வளைவு வேணும்னாரு. நாயக்கர் மஹால் 1636ல கட்டுனது, அந்த தூணும் வளைவும் சுதை வேலையும் நம்ம 18 மில்லி பிளைல வருமான்னு மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டு சரின்னேன். 48 இன்ச் அகலம், 12 இன்ச் எழுப்பம். அகலத்த அகலத்தால பெருக்கி, எழுப்பத்தோட எட்டு மடங்கால வகுத்து, எழுப்பத்துல பாதிய கூட்டுங்க, ஆரம் 30 இன்ச் வரும், இந்தக் கணக்க சுவத்துல எழுதி வச்சிருக்கோம். ஸ்கெட்ச்சப்புல வளைவு நெஜமா வளைவு இல்ல, நேர்கோட்டுத் துண்டுங்கள ஒட்டுனது, சும்மா வரைஞ்சா 12 துண்டு. இந்த அளவு வளைவுல 12 துண்டுன்னா ஒவ்வொரு துண்டுக்கும் நெஜ வளைவுக்கும் நடுவுல 2 மில்லிக்கு மேல இடைவெளி விழும், படத்துல தெரியாது, அத பிரிண்ட் எடுத்து அச்சா வச்சு வெட்டுனா பல்லு பல்லாத் தெரியும். துண்டு எண்ணிக்கைய 48 ஆக்குனா கால் மில்லி கூட இருக்காது, இழைப்புளியும் உப்புத்தாளும் மிச்சத்தப் பாத்துக்கும். வரையுறதுக்கு முன்னாடியே 48ன்னு மாத்திருங்க, அப்புறம் மாத்துறது தலவலி. கேபினெட் சாஃப்ட்வேர்ல இதே வளைவ வரைய எடமே இல்ல, உள்ள கொண்டு வந்தா அத பொம்மை மாதிரி நிக்க வச்சு படம் எடுக்கலாம், கட்டிங்ல வராது. வளைவ கைல தான் வெட்டுனோம், ஃப்ளெக்ஸி பிளை வச்சு மூடுனோம், அவரு சந்தோசமா காசு குடுத்தாரு, மஹால்னு தான் இப்பவும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காராம்.

உள்ள கொண்டு வர்றப்ப ஒரு விசயம். சீலிங்க மட்டும் தனி குரூப்பா ஆக்கி, ரூமோட ஒரு மூலைய பூஜ்ஜியப் புள்ளில வச்சு, அத மட்டும் கொண்டு வாங்க. முழு ரூமையும் கொண்டு வந்தா ரெட்டைச் சுவர் நின்னு ரெண்டரிங்ல மினுக்கு மினுக்குன்னு அடிக்கும். ஃபைல் பெருசானா இந்த சாஃப்ட்வேர் மூச்சு வாங்குது, என் கம்ப்யூட்டர்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தும்.

காசே செலவு பண்ண வேணாம், கஸ்டமருக்கு சும்மா வடிவம் காட்டுனா போதும்னு நினைக்குறவங்க ஸ்வீட் ஹோம் த்ரீடி பாருங்க, ஓப்பன் சோர்ஸ், இலவசம். அதுல ஒவ்வொரு சுவத்துக்கும் ஆரம்பத்துல ஒரு உயரம் முடிவுல ஒரு உயரம் தனித்தனியா குடுக்கலாம், சரிவுச் சுவருக்குன்னே ஆப்ஷன் வச்சிருக்காங்க. கட்டிங் லிஸ்ட் எதிர்பாக்காதீங்க, அது அந்த வேலைக்கு இல்ல. இலவசமா குடுக்குறவன் சுவத்துக்கு ரெண்டு உயரம் யோசிச்சிருக்கான்ல, அத தான் நான் அந்த சப்போர்ட் தம்பிகிட்டயும் சொன்னேன். "ரோடுமேப்ல இருக்கு சார்"னான். ஒன்றரை வருசமா ரோடுமேப்ல தான் இருக்கு, நம்ம ஊரு ரோடு வேலை மாதிரி.

மார்க்கு கேப்பீங்க. நீங்க அபார்ட்மெண்ட் கிச்சன், நேர் சுவர், தட்டை சீலிங், இத மட்டும் பண்றவங்கன்னா அஞ்சுக்கு நாலு, கண்ண மூடிட்டு வாங்கலாம். தனி வீடு, படிக்கு அடி, மாடி ரூம் வேலை நெறையா வருதுன்னா ரெண்டரை. சீலிங்குக்கு மட்டும் தனியா கேட்டா ஒண்ணு குடுப்பேன், அந்த தடுப்புப் பெட்டிக்காக. டெமோ குடுக்க வர்றவரு அவரு கொண்டு வந்த ரூம்ல தான் எல்லாம் காட்டுவாரு, அதுல எல்லாமே அழகா நடக்கும். நீங்க உங்க கைல இருக்கதுலயே கோணலான சைட்டோட அளவக் குடுத்து, அவரையே உக்கார வச்சு வரையச் சொல்லுங்க, கட்டிங் லிஸ்ட்டும் எடுக்கச் சொல்லுங்க, நீங்க பக்கத்துல நின்னு ஒரு பருத்திப்பால் வாங்கிக் குடுத்துட்டு வேடிக்கை பாருங்க. நான் அத பண்ணாம தான் வருசச் சந்தாவ மொத்தமா கட்டுனேன்.

ரினீவல் சித்திரைல வருது, அழகர் ஆத்துல எறங்குற சமயம். கிச்சனுக்காக மறுபடியும் கட்டத் தான் போறேன், ஆனா இந்த தடவ மாசச் சந்தா. இப்ப ஒத்தக்கடைல ஒரு வீடு கைல இருக்கு, படி நடுவுல லேண்டிங் வச்சு திரும்புது, அடியில ரெண்டு சரிவும் ஒரு தட்டையும் சேந்து வருது, அந்த லேண்டிங்க தாங்குறதுக்கு ஒரு பீம் வேற. அட்டை வெட்டி உள்ள வச்சுப் பாத்தாச்சு, ஆசாரியார் அதுலயே பென்சில்ல யூனிட் பிரிச்சு நூல் கணக்குல எழுதிட்டாரு. ஸ்கெட்ச்சப்புல பாதி வரைஞ்சிருக்கேன். கேபினெட் சாஃப்ட்வேர இன்னும் தொறக்கல.